நங்கூரத்தை நங்கூரத்தால் வகுத்தால்

“உலகத்துல மாறாத பொருள்னு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அது இந்தக் கட்டடத்தோட ரெண்டாவது மாடியில இருக்கு.”

ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் ஹால்வர் பிரேக்கெ இதைச் சொன்னபோது குரலில் பெருமைகூட இல்லை. அடுத்த படகு எத்தனை மணிக்கு என்று சொல்பவரின் குரல்தான் இருந்தது. புதிதாகச் சேர்ந்த ஐந்து ஆராய்ச்சி மாணவர்கள் மழைக்கோட்டோடு முற்றத்தில் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு கப்பல் நங்கூரம் சிமெண்டில் நட்டு வைக்கப்பட்டிருந்தது. ஒவ்வொருவராகப் போய் அதன் மேல் வலது கையை வைத்து, “எதையும் இதனால் வகுப்பேன், இதை இதனால் மட்டுமே வகுப்பேன்” என்று சொல்ல வேண்டும். அவர்களில் ஒருத்தியான ஓத்னிக்குச் சிரிப்பு முட்டியது. பக்கத்தில் நின்ற ஆய்வகப் பொறியாளர் யோருன் அவளுடைய பூட்ஸை மெதுவாக மிதித்தார்.

“சிரிச்சுடாத. போன வருஷம் சிரிச்சவன் இப்போ படகுல டிக்கெட் பாக்கறான்.”

இயக்குநர் தொடர்ந்தார். “தென்கரையில ஒரு நிறுவனம் இருக்கு. பேர் சொல்ல மாட்டேன், சாப்பிட்டுட்டு வந்திருக்கீங்க. அவங்க மூணு மரபணுவை எடுத்து, அதோட சராசரியால வகுக்கறாங்க. கையில கடிகாரம் இல்லாதவன் தெருவுல போற மூணு பேர்கிட்ட மணி கேட்டு, கூட்டி, மூணால வகுக்கற மாதிரி. அந்தக் கேவலம் நமக்கு இல்ல. நமக்குக் கடிகாரம் இருக்கு.”

சொல்லிவிட்டுத் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நிறுவனர் காலமானபோது பதவியோடு சேர்த்து அவருக்கு வந்த கடிகாரம் அது.

இந்த வேலை தெரியாதவர்களுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். மீனின் செவுளிலோ வாற்கோதுமை இலையிலோ ஓர் அரிசி அளவுக்கு வெட்டி, திரவ நைட்ரஜனில் உறையவைத்து, சின்ன உரலில் பொடித்து, வெட்டிய நேரத்தில் அதில் எந்த மரபணு எவ்வளவு வேலை செய்துகொண்டிருந்தது என்று பார்ப்பார்கள். வேலை செய்கிற மரபணு தன்னைத் தானே நகல் எடுத்து அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த நகல்களை எண்ண வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இன்று வெட்டிய துண்டு பெரிதாக இருக்கும், நாளை வெட்டுவது சிறிதாக இருக்கும். ஒருவர் மாவு போலப் பொடிப்பார், இன்னொருவர் பாதியைத் தரையில் சிந்துவார். ஆகவே எந்தக் கஷ்டத்திலும் கூடாமல் குறையாமல் ஒரே அளவு வேலை செய்கிற ஒரு மரபணுவைத் தேடிப் பிடித்து, மற்ற எண்ணிக்கைகளை எல்லாம் அதன் எண்ணிக்கையால் வகுத்துச் சரிக்கட்டுவார்கள். முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் நிறுவனர் அப்படி ஒன்றைக் கண்டுபிடித்தார். அது மீனிலும் இருந்தது, பயிரிலும் இருந்தது. துறைமுக ஊர்க்காரர் என்பதால் நங்கூரம் என்று பெயர் வைத்தார்.

நங்கூரம் மாறாமல் இருக்கிறதா என்று யாரும் சோதிக்கவில்லை என்று சொன்னால் அது அபாண்டம். அதற்கென்றே நிலைத்தன்மைக் குழு ஒன்று இருந்தது. குழு திங்கள்தோறும் காலை ஒன்பது மணிக்குக் கூடி, அந்த வாரத்து நங்கூர அளவை எடுத்து, விதிப்படி நங்கூரத்தால் வகுத்து, முடிவை எழுந்து நின்று வாசித்தது. ஒன்று. முப்பத்தொரு வருடமாக ஒன்று. வரவேற்பறைச் சுவரில் தங்க நிறச் சட்டத்துக்குள் அந்தக் கோடு பன்னிரண்டு மீட்டர் நீளத்துக்கு மேடு பள்ளமில்லாமல் ஓடியது. நார்வே முழுவதிலிருந்தும் அமைச்சர்கள் வந்து அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரே ஒரு முறை 0.99 வந்தது. அன்று கணக்குப் போட்டவரை மலை ஓய்வு விடுதிக்கு ஆறு மாதம் அனுப்பி வைத்தார்கள். திரும்பி வந்ததும் அவருக்கு ஒன்று வந்துவிட்டது.

மற்றபடி அது சுதந்திரமான இடம். எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். இயக்குநரையே ஹால்வர் என்று கூப்பிடலாம். அவர் சொன்னதை மறுக்கத்தான் கூடாது.

ஓத்னியின் ஆராய்ச்சி, தண்ணீர் சூடாகும்போது சால்மன் மீனின் செவுளிலும், வெயில் காயும்போது வாற்கோதுமை இலையிலும் என்ன நடக்கிறது என்பது. நான்கு வருடம் வெட்டினாள், பொடித்தாள், எண்ணினாள், வகுத்தாள். ஜூன் முதல் திங்கள் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். ஜூன் முப்பதோடு ஒப்பந்தம் முடிகிறது. வடக்கே மீன் நலத் துறையில் ஒரு வேலை அவளுக்காகக் காத்திருந்தது. பட்டம் இருந்தால்தான் அந்த வேலை. இல்லாவிட்டால் அவள் கையில் நான்கு வருடம் மீன் வெட்டிய அனுபவம் மட்டும் மிஞ்சும். அந்த அனுபவம் உள்ளவர்கள் துறைமுகத்தில் ஏற்கெனவே நிறையப் பேர்.

மார்ச் மாதம் ஆறாம் தொட்டியில் தண்ணீரைக் குளிர்நீர் மீனுக்கு ஆகாத இருபத்தாறு பாகைக்கு ஏற்றினாள். நான்கே நாளில் நாற்பத்தொரு மீன்களும் செத்தன. சாவதற்கு முந்தின நாள் அவள் வெட்டி வைத்திருந்த செவுள் துண்டுகளில், மீன் தவிக்கும்போது வேகமாக வேலை செய்யும் அழுத்த மரபணுவை எண்ணினாள். விதிப்படி நங்கூரத்தால் வகுத்தாள். ஒன்று வந்தது. வரைபடத்தின்படி நாற்பத்தொன்றும் மன அமைதியோடு செத்திருந்தன.

மதியம் ஓய்வறையில் யோருன் பழுப்புச் சீஸ் வைத்த ரொட்டியைக் காகிதத்திலிருந்து பிரித்துக்கொண்டிருந்தார்.

“யோருன், செத்த மீன் அமைதியா இருக்குமா?”

“செத்த பிறகா? ரொம்ப அமைதியா இருக்கும்.”

“சாகறதுக்கு முந்தின நாள்.”

யோருன் ரொட்டியைக் கீழே வைத்தார். கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார்.

“வெளியில இருந்து ஒண்ணைப் போடு. ஜெல்லிமீனோட மரபணு நகல், சால்மன்லயும் பயிர்லயும் இல்லாதது, ஃப்ரீசர்ல மூணாவது தட்டுல இருக்கு. பொடிக்கறதுக்கு முன்னாடியே எல்லாத்துலயும் அளந்து ஒரே அளவு போடு. நீ சிந்தினா அதுவும் கூடவே சிந்தும். அதை வெச்சு நங்கூரத்தை எண்ணிப் பாரு. நான் சொன்னேன்னு சொல்லாத.”

“நீங்க எண்ணிப் பாத்திருக்கீங்களா?”

“எனக்கு ஓய்வு பெற இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு, ஓத்னி.”

எண்ணினாள். சூடான செவுளில் நங்கூரம் நான்கு மடங்கு ஏறியிருந்தது. அழுத்த மரபணுவும் நான்கு மடங்கு. நாலை நாலால் வகுத்தால் அமைதி. வாடின வாற்கோதுமையில் நங்கூரம் பாதியாக இறங்கியிருந்தது. நங்கூரம் கப்பலைப் பிடித்து நிறுத்தவில்லை. கப்பலோடு சேர்ந்து போய்க்கொண்டிருந்தது. மூன்று முறை எண்ணினாள். மூன்றாவது முறை, தான் தப்பாக எண்ணியிருக்க வேண்டும் என்று மனதார விரும்பினாள். அதிலும் நான்குதான் வந்தது.

நிலைத்தன்மைக் குழுவின் தலைவர் ஸ்தைனார் ஆரஞ்சு உரித்தபடி அவளுடைய தாளைப் பார்த்தார்.

“எதால வகுத்தே?”

“நங்கூரத்தால வகுக்கல, ஸ்தைனார். நேரா எண்ணினேன்.”

“வகுக்காத எண் இங்க எண் இல்ல. அது ஒரு அபிப்பிராயம்.”

“ஆனா நங்கூரத்தை நங்கூரத்தால வகுத்தா எப்பவும் ஒண்ணுதானே வரும்?”

“வருது. முப்பத்தொரு வருஷமா வருது.” அவர் ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டார். “அதைத்தானே நாங்களும் சொல்றோம்.”

“அது எதை வகுத்தாலும் வருமே. இந்த ஆரஞ்சை ஆரஞ்சால வகுத்தாக்கூட.”

ஸ்தைனார் கையிலிருந்த ஆரஞ்சைச் சற்று நேரம் பார்த்தார். “ஆரஞ்சுக்குக் குழு இல்ல” என்றார்.

அவளிடம் பதினான்காம் எண் படிவம் கொடுக்கப்பட்டது. நங்கூரம் பற்றிய புகார்களுக்கு உரியது அது. அச்சடித்த நாளிலிருந்து யாரும் நிரப்பியதில்லை என்பதால் தாள் நன்றாக வெளுப்பாக இருந்தது. முதல் கேள்வி: நங்கூரம் மாறிவிட்டதாகக் கருதுகிறீர்களா? ஓத்னி ‘ஆம்’ என்று எழுதினாள். இரண்டாவது கேள்வி: எவ்வளவு மாறியது? நங்கூர அலகில் எழுதவும். அந்தக் கேள்விக்கு முன்னால் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தாள். நேர்மையாக எழுதினால் ஒரே பதில்தான் இருந்தது. ‘ஒன்று’ என்று எழுதினாள். ஸ்தைனார் அதை வாங்கிப் பார்த்து, “பாத்தியா, நீயே எழுதிட்ட” என்று முத்திரை குத்தினார்.

ஆனாலும் குழு விஷயத்தைச் சும்மா விடவில்லை. அவசரக் கூட்டம் நடந்தது. நங்கூரம் மாறாதது என்பதால் வரைபடம் சரி. வரைபடம் சரி என்றால் ஆறாம் தொட்டி மீன்கள் அமைதியாக இருந்தன. அமைதியாக இருக்கும் மீன் நான்கு நாளில் சாகாது. ஆகவே ‘நாற்பத்தொன்று இறப்பு’ என்ற பதிவேட்டு வரி ஆதாரமற்றது. அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்து, ‘ஆறாம் தொட்டி: மீன் 41, நிலை அமைதி’ என்று எழுதினார்கள். உயிரோடு இருக்கிற மீனைப் பட்டினி போடுவது சட்டப்படி குற்றம். தீனி போடும் முறை திங்கள், புதன், சனி ஓத்னிக்கு வந்தது.

அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போய், மீனில்லாத தொட்டித் தண்ணீருக்குள் தீனியைக் கையால் அள்ளி வீசினாள். உருண்டைகள் சற்று நேரம் மிதந்து, ஊறி, ஒவ்வொன்றாகக் கீழே போயின. இரண்டு வாரத்தில் தண்ணீர் காபி நிறத்துக்கு வந்துவிட்டது. விலங்கு நல ஆய்வாளர் வந்தார். தொட்டியைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். பதிவேட்டைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், மறுபடி பதிவேட்டைப் பார்த்தார். ‘ஆறாம் தொட்டி மீன்கள் கூச்ச சுபாவம் உள்ளவை, ஆய்வின்போது வெளியே வரவில்லை’ என்று எழுதிவிட்டுப் போனார்.

முதல் சில நாள் ஓத்னி இதை யோருனிடம் சொல்லிச் சிரித்தாள். பிறகு சிரிப்பு வரவில்லை. வீசும்போது, இன்று கொஞ்சம் அதிகமாக வீசிவிட்டோமோ, மீன்களுக்கு ஆகாதே என்று ஒரு நாள் கவலைப்பட்டாள். கவலைப்பட்ட பிறகுதான் அவளுக்குப் பயம் வந்தது.

மே மாதக் கடைசியில் ஆய்வகத் தொலைபேசி அடித்தது. மலைகளுக்கு நடுவே கடல் புகுந்த ஃபியோர்டின் வாய்ப்பக்கம் மீன் வளர்ப்பவர் ஒருவர் பேசினார். அவர் வாரா வாரம் செவுள் துண்டுகளை அனுப்பி, நிறுவனத்தின் சான்றிதழ் வாங்குபவர்.

“சான்றிதழ் வந்துச்சும்மா. ‘அமைதி’ன்னு போட்டிருக்கு.”

“ஆமா.”

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இதை மீனுக்குக் காட்டணுமா? ஏன்னா அதுங்களுக்கு விஷயம் தெரியல. மேல மிதக்குதுங்க.”

ஓத்னிக்குப் பதில் தெரியும். பதில் எழுதிய தாள் அவள் மேஜை இழுப்பறையிலேயே இருந்தது. “விசாரிச்சுச் சொல்றேன்” என்றாள். தன் குரலில் ஸ்தைனாரின் சாயல் இருந்தது அவளுக்கே கேட்டது.

அன்று வெள்ளிக்கிழமை, ஓய்வறையில் எல்லோருக்கும் வாஃபிள் சுடும் நாள். எல்லோரும் போன பிறகும் ஹால்வர் ஓய்வறையில் உட்கார்ந்து ஸ்ட்ராபெர்ரி ஜாம் தடவிக்கொண்டிருந்தார். அவள் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குறுக்கிடாமல் கேட்டார். நல்ல மனிதர்.

“ஓத்னி, உன் நேர்மை எனக்குப் பிடிச்சிருக்கு. இப்போ கணக்காப் பாப்போம். இங்க இருநூத்துப் பதினாலு பேர் பட்டம் வாங்கியிருக்காங்க. நானும் ஒருத்தன். எல்லாரும் நங்கூரத்தால வகுத்தவங்க. நீ சொல்றது சரின்னா இருநூத்துப் பதினாலு பேர் தப்பு. நீ சொல்றது தப்புன்னா ஒருத்தி தப்பு. ரெண்டுல எதுல பிழை கம்மியோ அதைத்தான் விஞ்ஞானி எடுத்துக்கணும்.”

“மீன் செத்துப்போச்சு, ஹால்வர். வெளியில இன்னும் சாகுது.”

“மீன் சாகும். அது மீனோட குணம். மாறாம இருக்கறது நங்கூரத்தோட குணம். அவங்கவங்க வேலையை அவங்கவங்க ஒழுங்காத்தானே செய்யறாங்க.”

“நான் மூணு மரபணு பாத்து வெச்சிருக்கேன். சூட்டுலயும் அசையல. அதோட சராசரியால வகுத்தா…”

அவர் கையிலிருந்த கத்தி ஜாமிலேயே நின்றது.

“தெருவுல இறங்கி மணி கேக்கப் போறியா?” என்றார். கோபமில்லை, வருத்தம்தான். “நான் கையெழுத்துப் போட்ட பச்சை அட்டைப் பிரதியை, நங்கூரத்தால வகுத்ததை, திங்கக்கிழமை ஒன்பது மணிக்குள்ள குடு. வேற எதைக் குடுத்தாலும் நான் உன்னைத் தடுக்கவே மாட்டேன். இங்க யாரும் யாரையும் தடுக்கறதில்ல. ஒப்பந்தம் அதுவா முடிஞ்சுடும்.” பிறகு தட்டை அவள் பக்கம் தள்ளினார். “வாஃபிள் எடுத்துக்க. ஆறிடும்.”

எடுத்துக்கொண்டாள். தின்றும் விட்டாள்.

அவளிடம் இரண்டு பிரதிகள் தயாராக இருந்தன. பச்சை அட்டை போட்டதில் மீன்கள் அமைதியாக இருந்தன. அதில் இயக்குநரின் கையெழுத்து போன வாரமே வாங்கியாகிவிட்டது. வெள்ளை அட்டை போட்டதில் மீன்கள் செத்துக்கொண்டிருந்தன. கையெழுத்துப் பக்கம் காலி. வெள்ளையை எதற்காக அச்சடித்தாய் என்று யாராவது கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது. வெள்ளி மாலை பச்சையை ஸ்தைனார் அறைக் கதவில் தொங்கும் தட்டில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். இருநூற்றுப் பதினைந்து.

மறுநாள் சனிக்கிழமை, தீனி முறை. நல்ல வெயில், ஊரே மலையடிவார விடுமுறைக் கேபின்களுக்குப் போயிருந்தது. வெள்ளைப் பிரதி இன்னும் பையிலேயே கனத்தது. தீனி மூட்டை இரண்டாம் மாடிக் கிடங்கில் இருப்பதால் வாளியோடு மேலே ஏறினாள். எண்ணும் இயந்திரத்தின் முனகல் கேட்டது. சனிக்கிழமையில் அது முனகக் கூடாது.

ஹால்வர் பிரேக்கெ கேபின் ஸ்வெட்டரும் சேறு காய்ந்த பூட்ஸுமாக இயந்திரத்தின் முன்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு ஜாம் புட்டி. அதில் தண்ணீர் ஊற்றி, நான்கைந்து இலைகளோடு ஒரு சின்னக் கிளை செருகியிருந்தது. இலைகள் ஓரத்தில் பழுத்துச் சுருண்டிருந்தன.

“ஓத்னி. சனிக்கிழமையாச்சே.”

“மீனுக்குத் தீனி போட வந்தேன்.”

“எந்த மீனுக்கு?” கேட்ட பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. “ஆமா. ஆறாம் தொட்டி. எப்படி இருக்குதுங்க?”

“அமைதியா இருக்குதுங்க.”

“நல்லது.”

ஓத்னி வாளியைக் கீழே வைத்தாள்.

“கேபின்ல ஒரு ப்ளம் மரம்” என்றார் அவர், கேட்காமலே. “மூணு வருஷம் முன்னாடி நானே நட்டது. இந்த வருஷம்தான் மொதமொதல்ல பூத்துச்சு. இப்போ இலை சுருளுது. பக்கத்து கேபின்காரன் தண்ணி ஜாஸ்திங்கறான். என் மனைவி கம்மிங்கறா. எதுன்னு தெரியாம எதைப் பண்றது? தப்பாப் பண்ணினா மரம் போயிடும்.”

ஓத்னி தாங்கியில் இருந்த குழாய்களின் சீட்டுகளைப் படித்தாள். ஆரோக்கியமான இலை, சுருண்ட இலை. வறட்சி மரபணு ஒன்று. அதற்குப் பக்கத்தில், வகுப்பதற்காக, மூன்று மரபணுக்கள். அவருடைய சாய்வான கையெழுத்து. நான்காவதாக ஒன்று இருக்கிறதா என்று தாங்கியின் பின்பக்கமும் பார்த்தாள். இல்லை.

“நங்கூரத்தால வகுத்தா தெரியாதா, ஹால்வர்?”

அவர் கதவைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். பிறகு ஜாம் புட்டியைத் தன் பக்கம் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார்.

“இது வீட்டு விஷயம், ஓத்னி.”

அவளுக்கு நாற்பத்தொரு மீன்கள் நினைவுக்கு வந்தன. சான்றிதழை மீனுக்குக் காட்டணுமா என்று கேட்ட குரல் நினைவுக்கு வந்தது. பையைத் திறந்து வெள்ளைப் பிரதியை எடுத்தாள். கையெழுத்துப் பக்கத்தைப் பிரித்து, குழாய்த் தாங்கிக்கும் ஜாம் புட்டிக்கும் நடுவில் வைத்து, பேனாவையும் வைத்தாள்.

“ஒரு கையெழுத்து வேணும்.”

அட்டை வெள்ளையாக இருப்பது அந்த வெளிச்சத்தில் யாருக்கும் தெரியும். ஹால்வர் போட்டார். எதில் போடுகிறோம் என்று பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதை அவர் மிகுந்த கவனத்தோடு செய்தார்.

“கதவைச் சாத்திட்டுப் போ” என்றார்.

கீழே ஸ்தைனாரின் தட்டிலிருந்து பச்சையை எடுத்துவிட்டு வெள்ளையை வைத்தாள். அவளுக்குச் சந்தோஷமாக இல்லை. திங்கட்கிழமை குழு அதைக் கையில் எடுக்கும்போது இயக்குநரின் கையெழுத்தைப் பார்க்கும். அதற்குப் பிறகு என்ன செய்யும் என்று படிவம் எதிலும் அச்சிடப்படவில்லை. திங்கட்கிழமை ஃபியோர்டுக்கு இன்னொரு ‘அமைதி’யும் அச்சாகும்.

வாளியை மேலேயே விட்டுவிட்டது அப்போதுதான் தெரிந்தது. மறுபடி ஏறினாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றாள், உள்ளே போகவில்லை. இயந்திரம் நின்றிருந்தது. ஹால்வர் நிறுவனரின் கடிகாரத்தைக் கழற்றி, முகம் கீழே இருக்கும்படி மேஜையில் கவிழ்த்து வைத்திருந்தார். பென்சிலின் நுனியை நாக்கில் தொட்டு, ஒரு தாளின் பின்பக்கத்தில் மூன்று எண்களை ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினார். பள்ளிக்கூடப் பையனைப் போல உதடு அசையக் கூட்டினார். அடியில் ஒரு கோடு இழுத்தார். பிறகு மெதுவாக, தப்பு வந்துவிடக் கூடாது என்ற கவனத்தோடு, மூன்றால் வகுத்தார்.